மழைக்கு மூணு கம்பி

புள்ளைங்களா, எனக்கு இன்னமும் கோபம் அடங்கல. அடங்குனப்புறம் எழுதலாம்னுதான் இருந்தேன். அடங்குற மாதிரி தெரியல, அதனால இப்பவே எழுதிடுறேன்.

என் மக ஏழாவது படிக்கிறா. பெரம்பலூர்லேர்ந்து வேப்பந்தட்டை போற வழியில இருக்குற ஒரு பள்ளிக்கூடம். ஆண்டு விழாவுக்கு அவ வகுப்பு ஒரு நாடகம் போட்டுச்சு. தண்ணி வத்துன ஏரி, அதுல வாடிக் கெடக்குற ஆடு மாடு, கடைசியில மழை. வசனம் ஒரு வரி கிடையாது. மழைச் சத்தம் கேட்டாத்தான் படுத்துக் கெடக்குற மாடெல்லாம் ஒவ்வொண்ணா எந்திரிக்கணும். மழை வரலன்னா நாடகமே இல்ல. அந்த மழையைப் பெய்ய வைக்கிற வேலை என் மகளோடது.

எதை வச்சுன்னா, எங்க வூட்டுல இருக்குற மாடுலர் சிந்தசைசரை வச்சு. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. கீபோர்டு மாதிரி கட்டை இருக்காது. ஒரு மரப்பெட்டிக்குள்ள சின்னச் சின்னப் பலகையா வரிசையா இருக்கும். ஒரு பலகை இரைச்சலை உண்டாக்கும், ஒண்ணு அதை வடிகட்டும், ஒண்ணு கூட்டிக் குறைக்கும். எதை எதோட சேர்க்குறதுன்னு நாமதான் வயரைக் குத்தி முடிவு பண்ணணும். மாத்திக் குத்தினா சத்தமும் மாறிடும். நான் பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ. போனவன், வீடுகளுக்கு வயரிங் பண்றதுதான் தொழில். வேலை இல்லாத நாள்ல ஒவ்வொரு பலகையா வாங்கி, ஈயம் வச்சு ஒட்டி, பெட்டியைச் செஞ்சது நான். ஆனா அதுக்குள்ள மழையைக் கண்டுபிடிச்சது அவதான். தகரத்துல விழுற மழைக்கு ஒரு வயரு வழி, காஞ்ச மண்ணுல விழுற மழைக்கு வேற வழி வச்சிருந்தா. "மொத மழை சத்தம் போடாதுப்பா, மண்ணு குடிச்சிடும். அப்புறந்தான் கேக்கும்"னு எனக்கே சொல்லுவா.

விழா அன்னிக்கு மதியமே போயிட்டோம். மைக் செட்டு அரியலூர்லேர்ந்து குட்டியானை வண்டியில வந்து இறங்கியிருந்துச்சு. எங்க பக்கத்து மைக் செட்டுக்காரங்க, எல்லா மைக்கு சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை மேடைக்கிட்ட வைக்க மாட்டாங்க. மைதானத்துக் கடைசியில, ஜெனரேட்டருக்குப் பக்கத்துல, ஒரு தார்ப்பாய் கட்டி அதுக்குக் கீழ வைப்பாங்க. ஒரே ஆளு ரெண்டையும் பாத்துக்கணும்ல. அங்கேருந்து மேடை வரைக்கும் மைக் வயரும் சீரியல் லைட்டு வயரும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டி ஓடும்.

பெட்டியை மேடை ஓரத்துல வச்சு, பள்ளிக்கூடத்துக் கரண்ட்டைக் குடுத்து, அவங்க வயரைக் குத்தினேன். 'உம்ம்ம்'னு ஒரு உறுமல். அந்த உறுமலுக்குள்ள மழை எங்க இருக்குன்னே தெரியல.

மிக்ஸர்ல இருந்த தம்பி சத்தம் கேட்டு மேடைக்கே வந்துட்டாரு. "அண்ணே, என்ன பெட்டிண்ணே இது? மாவு மில்லு ஓடுது."

"நானே வூட்டுல செஞ்ச பெட்டி தம்பி, நல்லாத்தான் இருக்கு. வயரைப் பாக்கணும்."

"வயரா? நேத்து கல்யாணம், முந்தாநாத்து காதுகுத்து, எல்லாம் இதே வயருதான். பொண்ணு மாப்ள யாரும் உறுமல. வூட்டுல செஞ்சதுங்கிறீங்க, உள்ள எதாச்சும் கழண்டிருக்கும்."

அந்த நேரத்துக்கு ஹெட்மாஸ்டர் வந்தாரு. "என்னங்க, ஆகுமா ஆகாதா?"

"ஆகாது சார், பெட்டி ரிப்பேரு"ன்னு தம்பியே தீர்ப்பு சொல்லிட்டாரு.

ஹெட்மாஸ்டர் பையிலேர்ந்து போனை எடுத்தாரு. "மழைச் சத்தம்தானே? இதுல எத்தனையோ கெடக்கு. ஒண்ணைப் போட்டு வுட்டுடலாம். புள்ளைங்க நாடகத்துக்கு இது போதும்."

என் மக பக்கத்துலயே நின்னா. "சார், போன்ல உள்ள மழை அதும்பாட்டுக்குப் பெய்யும் சார். எங்க மாடு எந்திரிக்கிறதுக்குத் தகுந்த மாதிரி பெய்யாது."

"பாப்பா, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல."

எது போதும்? யாருக்குப் போதும்? ஒரு புள்ள மாசக்கணக்கா ஒக்காந்து செஞ்சதை ஒரு தடவை முழுசா கேக்காமலே போதும்னு எப்படிச் சொல்ல முடியுது?

நான் வயரு முனையைத் திருகித் தொறந்து பாத்தேன். நெனச்சது சரியாப் போச்சு. உங்களுக்கும் புரியுற மாதிரி சொல்றேன். என் பெட்டியிலேர்ந்து சத்தம் மூணு கம்பியில வெளிய வரும். பேலன்ஸ்டு அவுட்டுன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேர்கிட்ட ஒரே சேதியைக் குடுத்து அனுப்புறோம்னு வச்சுக்குங்க. ஒருத்தர் நேராச் சொல்லணும், இன்னொருத்தர் தலைகீழாச் சொல்லணும். வழியில ரெண்டு பேர் காதுலயும் ஒரே வம்பு ஏறுது. போய்ச் சேர்ந்த எடத்துல மிக்ஸர் ரெண்டாவது ஆளு சொன்னதைத் திருப்பிப் போட்டு, மொத ஆளு சொன்னதோட சேர்க்கும். சேதி ரெண்டும் ஒண்ணு கூடிடும். வம்பு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி இல்லாமப் போயிடும். மூணாவது கம்பி ரெண்டு பேரையும் சுத்திப் போர்த்துன வலை. எவ்வளவு நீள வயரா இருந்தாலும் உறுமாது.

அந்த வயருல ரெண்டாவது ஆளை வலையோட சேர்த்து வச்சு ஒட்டியிருந்தாங்க. அவரு வாயைத் தொறக்க வழியே இல்ல. சீரியல் லைட்டு வம்பும் ஜெனரேட்டர் வம்பும் மட்டும் ஜோரா போய்ச் சேர்ந்துச்சு.

"எங்க எல்லா வயரும் அப்படித்தாண்ணே. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு இப்படி ஒட்டுனாத்தான் ஓடும்"னாரு தம்பி. தெரியாமச் செஞ்சதுகூட இல்ல பாருங்க!

"ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சு ஒட்டிக்கிறேன் தம்பி. முடிஞ்சதும் பழையபடி ஆக்கிடுறேன்."

"வயருல கை வைக்காதீங்கண்ணே. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா நாளைக்கு எது எதுன்னு நான் தேடணும். ஓனர் என்னையத்தான் வையுவாரு."

தப்பு வயருல, கெட்ட பேரு பெட்டிக்கு. எனக்கு வந்த கோபத்துல தார்ப்பாயோட எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடலாம்னு இருந்துச்சு. அப்பதான் என் மக கேட்டா:

"அப்பா, நம்ம வயரு இருக்குல்ல?"

"அது கட்டில் நீளம்கூட இல்லம்மா. மேடைக்கும் மிக்ஸருக்கும் எப்படிப் பத்தும்?"

"வயரு வராட்டி பெட்டி போகட்டும்."

சரின்னு பெட்டியைத் தூக்கிட்டு மைதானத்துக் கடைசிக்கு நடந்தோம். கூட படிக்கிறவங்கல்லாம் மேடையில, இவ மட்டும் டீசல் நாத்தத்துக்கு நடுவுல. எனக்கு அதுவும் பொறுக்கல. மிக்ஸருக்குக் கரண்ட்டு போற போர்டுலேர்ந்தே பெட்டிக்கும் எடுத்து, எங்க வயரைக் குத்தினேன். உறுமல் நின்னு போச்சு. ஸ்பீக்கரே செத்துடுச்சோன்னு தம்பி எட்டிப் பாத்தாரு. என் மக பெட்டியில ஒரு குமிழைத் திருகினா. மைதானம் முழுக்க ஒரு தூறல் போட்டு நின்னுச்சு.

"அட!"ன்னாரு தம்பி.

ஹெட்மாஸ்டருக்கும் அது கேட்டிருக்கும். போன் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கல.

நாடகம் ஆரம்பிச்சப்போ அவளுக்கு மேடை தெரியல, அவ்வளவு கூட்டம். காலி ஸ்பீக்கர் பெட்டியில ஏறி நின்னுக்கிட்டா. மேடையில ஒரு மாடு தலையைத் தூக்குனப்போ மெதுவா மண்ணுல நாலு சொட்டு. ரெண்டாவது மாட்டுக்கு இன்னும் கொஞ்சம். அஞ்சாறு மாடு எந்திரிச்சப்போ தகரத்துல அடிச்சுப் பெய்யுது. எங்களுக்கு முன்னால இருந்த ஒரு அம்மா மடியில கெடந்த கைக்கொழந்தை தலையில முந்தானையைப் போட்டுட்டு, வானத்தைப் பாத்துட்டு, தானாச் சிரிச்சாங்க.

கடைசியில ஹெட்மாஸ்டர் நன்றி சொன்னாரு. "மழையைத் தத்ரூபமாகத் தந்த சவுண்ட் சர்வீஸ் நண்பர்களுக்கும்"னு சொன்னாரு பாருங்க, நான் மைதானத்தைக் குறுக்கால கடந்து மேடைப் படிக்குப் போயிட்டேன்.

"அதான் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்லங்க, இப்ப எதுக்கு?"

"நல்லபடியா முடிச்சது யாருன்னு சொல்லுங்க சார்."

"நாட்டுப்பண் பாடணும், நேரமாச்சு."

"சொல்லிட்டுப் பாடலாம் சார்."

நான் படியில நின்ன எடத்துலயே நின்னேன். அவரு என்னைப் பாத்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு, மைக்கை எடுத்தாரு. "ஒரு சிறு திருத்தம். மழைச் சத்தம் வழங்கியது ஆறாம் வகுப்பு மாணவி..."

"ஏழாவது சார்!"

எல்லா ஸ்பீக்கர்லேர்ந்தும் ஒரே நேரத்துல வந்துச்சு. திரும்பிப் பாத்தா, மிக்ஸர் தம்பி தன்னோட டெஸ்ட் மைக்கை அவ கையில குடுத்துட்டு ஒதுங்கி நிக்கிறாரு. "ஏழாவது சார்! போன்ல எடுக்கல, நானே செஞ்சது!"

கூட்டம் சிரிச்சுது. ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஏழாம் வகுப்பு மாணவி"ன்னு திருத்தி, அவ பேரையும் சொன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் படியை விட்டு இறங்குனேன்.