மழையில் வெளுத்த தேக்குக் கேட்

யுத்த காலம். இரும்பு கிடைக்காததால் மயிலாப்பூர் வீட்டுக்கு என் மாமனார் தேக்கில் கேட் செய்து மாட்டினார். நல்ல மரம். அதைக் கெடுத்த கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெருகு போட ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாமி, இது வெயில்லயும் மழையிலயும் நிக்கிற மரம். ஆளிவிதை எண்ணெயக் காச்சி மூணு கை வுட்டா மரம் குடிச்சிக்கும். காய பத்து நாள் ஆவும். ஆனா உப்புக் காத்துக்கும் தாங்கும்" என்றார்.

மாமனாருக்குப் பத்து நாள் பொறுக்காது. நவராத்திரி வந்துகொண்டிருந்தது. "கொலுவுக்குப் பட்டுப்புடவை கட்டிண்டு வரவா மேல எண்ணெய் ஒட்டிண்டா யார் பதில் சொல்றது? அரக்கு பாலிஷே போடும். என் ஆபீஸ் மேஜை மாதிரி முகம் தெரியணும்!"

"மேஜ ஊட்டுக்குள்ள கீது சாமி. அரக்கு மழைக்கு ஆவாது."

"சொன்னதைச் செய்யும்!"

செய்தார். ஒன்பது நாளும் கேட் பளபளத்தது. வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. இரண்டே நாளில் கேட் முழுக்கத் திட்டுத் திட்டாக வெளுத்துத் தோல் உரிந்தது.

தன் பிடிவாதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே? அதுதான் இல்லை. "கலப்படச் சரக்கைப் பூசி ஏமாத்திட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். எங்கள் கேட்டைப் பார்த்து ஆசைப்பட்டு அபிராமபுரத்தில் நாலு வீட்டுக்காரர்கள் பாயிடம் வேலை பேசியிருந்தார்கள். அங்கேயும் போய்ச் சொன்னார். நாலு பேரும் பாயை வேண்டாம் என்றுவிட்டார்கள். என்ன அநியாயம்! பாய் எச்சரித்த அன்றைக்குக் கூடத்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவள் நான். உள்ளுக்குள் கொதித்தேன்.

கார்த்திகையில் பாய் நேரே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி கேட்டார்: "அரக்கு வேணாம்னு நான் சொன்னேனா இல்லியா? சாமியே சொல்லட்டும்."

மாமனார் கூசாமல், "நீ எங்கே சொன்னே?" என்றார். என் கணவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு வந்தேன். "சொன்னார் அப்பா. எண்ணெய்தான் போடணும்னு ரெண்டு தரம் சொன்னார். நீங்கதான் கேக்கலை. நான் ஜன்னல் பக்கத்துல நின்னுண்டுதானே இருந்தேன்!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரை எதிர்த்து நான் ஒரு சொல் பேசியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பாய் நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"கேட்டுக்கினுதான் இருந்தியாம்மா? அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. அந்த நாலு வூட்லயும் இப்ப வேற ஆளு வேல செய்யிறான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மாதமாக நான் மாமனாரைத் திட்டாத நாளே கிடையாது. அத்தனையும் மனசுக்குள்தான்.