ராஜாவிடம் அவள் சொல்லாதது

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கொரிய சீரியல் கதை சொல்வது நான்தான். பெங்களூரில் வாங்கிய சிடி. படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷை எங்கள் அசெம்பிளி லைனில் நான் மட்டும்தான் வாசிப்பேன். மத்திகிரியில் ஏறினால் கம்பெனி கேட் வருவதற்குள் ஒரு பகுதியைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அரண்மனை வைத்தியச்சிக்கு ராஜா மேல் உயிர். ஆனால் வாயே திறக்க மாட்டாள். பனியில் பக்கத்தில் நின்றபோதுகூட, "குளிர்கிறது அரசே, உள்ளே போங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னுமா சொல்லல?" என்று போன வாரம் பஸ்ஸே என் மேல் எரிந்து விழுந்தது.

பொறுக்க முடியாமல், "'உங்கள விட்டா எனக்கு யாரும் இல்ல'ன்னு சொல்லிட்டாடி" என்று நானே சேர்த்துவிட்டேன். கைதட்டினார்கள். ராஜாவின் பதிலை மட்டும் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

இன்று மாலை திரும்பும் பஸ்ஸில் மஞ்சு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாட்றாம்பாளையத்துப் பெண், அதிர்ந்து பேசாதவள்.

"அக்கா, நேத்து நம்ம சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டேன். வைத்தியச்சி சொன்ன மாதிரியே."

"அவரு என்னடி சொன்னாரு?"

"ஒண்ணும் பேசல. இன்னைக்கு என்னை வேற லைனுக்கு மாத்திட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "ராஜாவும் உடனே பதில் சொல்லல, இல்லக்கா? அப்புறம் என்ன சொன்னாரு?"

கடைசி சிடியை நேற்றே பார்த்துவிட்டேன். வைத்தியச்சி கடைசிவரை சொல்லவே இல்லை. அதனால்தான் கடைசிவரை மருந்துக் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் நிற்க முடிந்தது.

நாளைக் காலை மஞ்சு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். ராஜா என்ன சொன்னார் என்று யாராவது எழுதிக் கொடுங்களேன். இதுவரை நான் சேர்த்ததே போதும்.