வண்டியில் ஏறாத சாமான்

ஒரு குடும்பத்தைப் பற்றி அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் கைவண்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும். எல்லாச் சாமானும் அவன் கண்முன்னால்தான் கயிற்றில் கட்டுப்பட்டுப் போகிறது.

பம்பாயில் தாதருக்கு டிராம் ஓடிய நாளிலும், அது நின்றுபோன பிறகும், மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வண்டி போட்டிருக்கிறேன். ரயிலைவிட்டு இறங்குகிற நம் ஊர்க்காரர்களும், ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்களும் கூப்பிடுவார்கள். தமிழ் பேசுகிற வண்டிக்காரன் என்று கேள்விப்பட்டுக் கூப்பிடுவார்கள். பாதி வழியில், இவன் எந்த மொழியும் பேசமாட்டான் என்று தெரிந்துகொள்வார்கள். எனக்கு அந்நியரிடம் பேச்சு வராது. ஏற்றும்போது உருப்படிகளை எண்ணுவேன். இறக்கும்போது எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வேன்.

என் மனைவி பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்தில் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்றைக்காவது ஒரு அறை பிடித்து அவளை இங்கே கூட்டிவர வேண்டும் என்று இருந்ததால், ஒவ்வொரு வீட்டுச் சாமானை இறக்கும்போதும் குடித்தனம் வைப்பதில் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இதைப் படிக்கிற நீங்களும் அப்படி மூட்டையோடு வந்து இறங்கியவர்கள்தான். உங்களுக்குத் தெரியாதது இதில் அதிகம் இருக்காது.

ராகு காலம்

பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு மாமாவுக்கு இங்கே ஆபீசுக்கு மாற்றல். திங்கட்கிழமை காலையில் மாட்டுங்காவில் அவர்கள் பிடித்திருந்த கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். மாமா மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். ராகு காலம். ஒன்பது மணிக்கு மேல்தான் படியேற வேண்டும் என்று சொல்லிவிட்டு என் வண்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு இறங்கிப் போகிறவர்கள் எல்லாரும் விளக்கையும் எங்களையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பதடித்ததும் வலது காலை எடுத்து வைத்து ஏறினார்கள். விளக்கேற்றிப் பால் காய்ச்சியாயிற்று. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். பாத்திரத்தை அலம்ப மாமி குழாயைத் திறந்தாள். உஸ் என்று காற்று வந்தது. காலைத் தண்ணீர் ஒன்பதோடு நின்றுவிடுமாம்; இனி சாயங்காலம்தான். எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மாள் பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மாமி அந்த வாளியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பஞ்சாங்கத்தை உள்ள வெச்சுட்டு, கொழாய் எப்போ வரும்னு நாலாத்துல கேட்டுண்டு வாங்கோ. இந்த ஊர்ல அதான் நல்ல நேரம்."

பித்தளைக் குடம்

தாராவிக்கு ஒரு புதுக் குடும்பத்தைக் கொண்டுபோனேன். புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவன். மனைவி பெயர் செல்லக்கனி. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றவிட்டவள், கல்யாணத்துக்குப் போட்ட பித்தளைக் குடத்தை மட்டும் தொடவிடவில்லை. தாதரிலிருந்து தாராவி வரை அதை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

தாராவியில் தண்ணீருக்கு ஆள் நிற்பதில்லை, பாத்திரம் நிற்கும். விடியும் முன்பே நெளிந்த தகரடப்பாவை வரிசையில் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்க்கலாம். உங்கள் டப்பாவை யாரும் தாண்டமாட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் அந்தச் சந்து வழியாகப் போனபோது, தகரங்களுக்கு நடுவில் குடம் சூரியன் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செல்லக்கனி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். குடத்தை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. "யக்கா, கொடத்துக்கு நீ காவலா, ஒனக்குக் கொடம் காவலா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். செல்லக்கனியும் சிரித்துவிட்டாள். அப்படி நின்றதில் அந்தச் சந்து முழுக்க அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்திருந்தது. மறுபடி நான் போனபோது குடத்தைக் காணோம். நான் கேட்கவில்லை. நான் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு அவளே சொன்னாள்.

"கவுரவம் பரண்ல கெடக்கட்டும் அண்ணாச்சி. தண்ணிக்குத் தகரம் போதும்."

பாதிப் பாய்

அப்போது எனக்கும் தாராவியில்தான் இடம். இடம் என்றால் கோலி என்கிற ஒற்றை அறையில் ஒரு பாய்; அதிலும் பாதி. பாதி என்றால் நீளத்திலோ அகலத்திலோ இல்லை, நேரத்தில். நான் வண்டியிழுக்கப் போன பிறகு ராத்திரி ஷிப்ட் முடித்த ஒருவர் வந்து அதே பாயில் படுப்பார். நான் திரும்புவதற்குள் எழுந்து போய்விடுவார். இதைக் குறை சொல்லவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். அவர் தலையணையில் விட்டுப்போகும் எண்ணெய் வாசனை எனக்குத் தெரியும். பாயை அவர் தலைமாட்டிலிருந்து சுருட்டுவார், நான் கால்மாட்டிலிருந்து சுருட்டுவேன். மற்றபடி ஆளைத் தெரியாது.

ஒரு தீபாவளிக்கு எல்லாருக்கும் லீவு. டீக்கடையில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அந்த எண்ணெய் வாசனை. நான் திரும்பிப் பார்த்தேன். என் கையிலிருந்த கோலிச் சாவியை அவர் பார்த்தார். அதே மாதிரி ஒன்று அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. என் டீக்கும் சேர்த்து அவர்தான் சொன்னார். ஒரே பாயில் வருஷக்கணக்காகப் படுத்தவர்கள், பேச ஒன்றும் அகப்படாமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"பாயி கதகதன்னு இருக்கும், சரி, யாரோ ஒரு மனுசன் இருக்காருன்னு நெனைச்சுக்கிடுவேன். நீங்கதானா அண்ணாச்சி அது?"

தகரப்பெட்டி

செம்பூரில் ஒரு பிரம்மச்சாரிக் குமாஸ்தா. மெஸ் மாறினால் அறை மாறுவார், அறை மாறினால் மெஸ் மாறுவார். ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு ஆள் அனுப்புவார். சாமான் ஒரே ஒரு தகரப்பெட்டி. அதையும் ஒரு கையால் தூக்கிவிடலாம். அந்தப் பெட்டி என் வண்டியின் நடுவில் கிடந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கமாக வழுக்கும். அவர் கூடவே ஆபீசுச் சமாசாரம் பேசிக்கொண்டு வருவார். நான் தலையாட்டுவேன். அது போதும் போலிருந்தது அவருக்கு.

ஒருமுறை மனசு கேட்காமல், இதற்கு வண்டி வேண்டாம், கையில் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறந்ததில் அவருக்கே ஆச்சரியம். பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"கனத்துக்காக இல்ல பெரியவரே. பெட்டியத் தூக்கிண்டு தனியா நடந்தா, யாரோ வெளில அனுப்பிச்ச மாதிரி இருக்கு."

கல் இறங்கிய இடம்

இதுவும் செம்பூர்தான். புதுசாகக் கல்யாணமான ஜோடி, சங்கரன்கோவில் பக்கம். தாதரிலிருந்து வண்டிக்குப் பின்னால் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். புருஷன்காரன் அதற்கு வெட்கப்பட்டு, நான் கேட்காமலே "தூசி விழுந்திட்டு" என்றான். அவ்வளவு தூரத்துக்கும் தூசி விழுந்துகொண்டே இருந்தது.

மாடிக்குச் சாமானை ஏற்றும்போது, தாதரில் கூலிகள் வண்டியில் தூக்கி வைத்த, சாக்கில் சுற்றிய ஒன்று மட்டும் என்னால் தனியே தூக்க முடியவில்லை. பிரித்தால் அம்மிக்கல். வேண்டாம் என்று அவன் ஊரில் சண்டை போட்டிருக்கிறான். மாமியார் அவனுக்குத் தெரியாமல் ரயிலில் சாமான் போடுகிற பிரேக் வேனில் ஏற்றிவிட்டிருக்கிறாள். இரண்டு பேருமாக மேலே கொண்டுபோனோம். கீழ்வீட்டு மராத்திக்காரர் சத்தம் கேட்டு ஏறிவந்தார். கல்லைப் பார்த்தார். அந்தச் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, இதன் மேல் வை என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். மேல்மாடியில் அரைப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சாக்கு இல்லாவிட்டால் மறுநாள் அவர் கையைக் காட்டுவதோடு விடமாட்டார், சத்தம் போடுவார். அந்தப் பெண் கல்லைச் சுவரோரமாகத் தள்ளச் சொன்னாள். குழவியை மேலே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கல்லோடு வருகிறவர்கள் மறுபடி தாதருக்குப் போக என்னைக் கூப்பிட்டதில்லை. அன்று அவள் புருஷனிடம் சொன்னது இதுதான்.

"கல்லு எறங்கிட்டு. இனி எங்க போவ?"

ஆண்டாப் ஹில்

அப்பா காலமான பிறகு ஆண்டாப் ஹில்லில் ஒரு அறை பிடித்தேன். இத்தனை வீடுகளில் கற்றுக்கொண்டதெல்லாம் அதில் இருந்தது. குழாய் எப்போது வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். நாலு எட்டு நடந்தால் குழாய். தகரடப்பா வாங்கினேன். முழுப் பாய் வாங்கினேன். கல் வரும் என்று சுவரோரமாக ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்தேன். தாராவியில் செல்லக்கனி இருந்த வீட்டு வரிசையிலும் அப்போது ஒரு அறை காலியாக இருந்தது. குழாய் தூரம், பொழுதுக்கும் பெண்கள் பேச்சுச் சத்தம் என்று அதை வேண்டாமென்றேன். ஆண்டாப் ஹில் வரிசையில் மராத்திக்காரர்கள், தெலுங்குக்காரர்கள், வடக்கத்தியார். யாரும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டு நிறுத்தமாட்டார்கள். அமைதியான இடம்.

பேச்சியம்மாள் ஊர்க்காரர் ஒருவர் துணையோடு வந்தாள். காலி வண்டியும் கயிறுமாகத் தாதரில் நின்றேன். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. "வேற?" என்றேன். "இதுதான்" என்றாள். பையை வண்டியில் வைத்து, வழக்கப்படி கயிறும் கட்டி இழுத்தேன். ஒன்று. எண்ணுவதற்கு அவ்வளவுதான் இருந்தது.

காலையில் நான் போய்விடுவேன். இருட்டும்போது வருவேன். சாப்பிட்டாயா என்பேன், ம் என்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவனுக்கு, பதினோராவது நாள் மனைவியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒருநாள் சீக்கிரம் திரும்பியபோது, தண்ணீர் நின்றுபோன குழாயடியில் அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் மராத்தியில் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவர்கள் சிரித்தபோது தானும் கொஞ்சம் சிரித்தாள். "இங்கன தமிழ் பேசுத ஆளு யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, தொந்தரவில்லாத இடம் என்றேன். அறைக்கு நடந்தாள்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஊருக்குப் போகிறேன் என்றாள். அதே பையை அதே வண்டியில் வைத்துத் தாதருக்கு இழுத்தேன். மழை முடியட்டும், பார்க்கலாம் என்றாள். ரயில் நகரப் போகிற சமயத்தில்தான், இங்கே என்ன குறை என்று கேட்க எனக்கு வாய் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அங்க தனியாத்தான் இருந்தேன். ஆனா வாசல்ல நாலு பேரு வருவாவ, பேசுவாவ. இங்க ரெண்டு பேரு இருக்கோம், பேச ஒரு ஆளு இல்ல."

செல்லக்கனி வரிசை

அந்த மழையோடு ஆண்டாப் ஹில் அறையை விட்டேன். செல்லக்கனி வரிசையில் வேறொரு அறை கிடைத்தது. ஒழுகும். குழாய் இன்னும் தூரம். கல் கொத்துகிறவர்களிடம் ஒரு அம்மி வாங்கி, என் வண்டியில் நானே ஏற்றி, நானே இழுத்துக்கொண்டு போனேன். பெண்கள் வாசலுக்கு வாசல் வந்து நின்று பார்த்தார்கள். ஒற்றை ஆளுக்கு அம்மி எதுக்கு என்று ஒருத்தி கேட்டாள். சாக்கை மடித்துப் போட்டேன். தரைதான், கீழே யாரும் இல்லை; இருந்தாலும் போட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம், இப்போது பேச ஆள் இருக்கிற இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லியனுப்புகிறேன். பார்க்கலாம் என்று பதில் வருகிறது. அந்த மழை முடிந்தது, அடுத்த மழையும் முடிந்தது. சும்மா கிடக்கிற கல்தானே என்று செல்லக்கனி ஒருநாள் மிளகாய் அரைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தலையாட்டினேன். இப்போது நான் வேலையிலிருந்து திரும்பும்போது அறையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி அரைக்கிறாள், மற்றவர்கள் பேசுகிறார்கள். நான் வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். புதுக் கல், அதற்குள் நடுவில் வழவழப்பாகிவிட்டது. பேச்சியம்மாளுக்கென்று வாங்கிய கல் ஆயிற்றே என்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் செல்லக்கனி கவனித்துவிட்டாள்.

"தேயட்டும் அண்ணாச்சி, என்ன இப்ப? அக்கா வந்து பாக்கையில, இது நாலு பேரு பொழங்குத வீடுன்னு கல்லே சொல்லும்லா."

ஆகையால், புதிதாகக் குடியேறுகிறவர்களே, தண்ணீர் வரும் நேரத்தைக் கேளுங்கள், தகரடப்பா வாங்குங்கள், கல்லுக்கு அடியில் சாக்கு போடுங்கள், ஆனால் பேச்சுத்துணை என்கிற சாமானுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள், அது என் வண்டியில் ஏறாது.