ஃபேர்வெல்லுக்குக் கட்டிவிட்ட புடவை

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஐந்தாவதோடு நின்றவள். மளிகைச் சீட்டு எழுதுவேன், அவ்வளவுதான். வரி கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், நாளும் தேதியும் மறந்துவிடும். கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குவைத்தில் நம் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி, அங்கே நான் வேலை பார்த்த வீட்டுக்கு மேலே இருந்த மாடி வீட்டு அம்மா கேட்டார். எழுதும்போது எதிரே யாரும் இல்லை, அதனால் துணிந்தேன்.

குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரே வீட்டில் பத்து வருஷம் சமையலும் மற்ற வேலையும் பார்த்தேன். சார் எண்ணெய்க் கம்பெனி காண்ட்ராக்டில் சூப்பர்வைசர். அவர், அவர் மனைவி, ஒரே மகள். நான் சேர்ந்தபோது பாப்பா இரண்டாவது படித்தாள். அவள் பன்னிரண்டாவது முடித்த வருஷம் ஊருக்கு வந்துவிட்டேன்.

அங்கே பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு தனி மாதிரி. டிவி ஓடாது, விருந்தாளி வரமாட்டார்கள். ஸ்கூல் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் ரெகார்டு நோட்டு. அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகூட லீவு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கென்று வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், ஃபேர்வெல். பதினொன்றாவது பிள்ளைகள் மூத்தவர்களை வழியனுப்பி வைக்கிற விழா. பையன்கள் கோட்டு போட்டுக்கொள்வார்கள், பெண்கள் புடவை கட்டுவார்கள். மேடையில் ஒவ்வொருவராக நடந்து காட்ட வேண்டும். கடைசியில் ஒரு பெண்ணுக்குக் கிரீடம் வைப்பார்கள். எந்தப் புடவை என்கிற பேச்சு ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும்.

அந்த டிசம்பரில் பாப்பாவின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு ஊருக்குப் போனார். பரீட்சை வருஷம் என்பதால் பாப்பாவை விட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே சாரும் போனார். நானும் பாப்பாவும் வீட்டில் இருந்தோம். மாடி வீட்டு அம்மா வந்து வந்து பார்த்துக்கொள்வார். அவர் மகளும் பாப்பாவும் ஒரே வகுப்பு.

ஜனவரியில் ஒரு நாள் காலை, பாப்பா ஸ்கூலுக்குப் போன பிறகு சார் போன் செய்தார்.

"அம்மா, அவ போயிட்டாம்மா."

நான் அழக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள், "பாப்பாவுக்குத் தெரிய வேணாம். பரீட்சை முடியட்டும்," என்றார்.

"முகத்தப் பாக்க வேணாமா சார்?"

பத்து வருஷத்தில் நான் அவரை எதிர்த்துக் கேட்டது அது ஒன்றுதான்.

"இந்த வாரம் பிராக்டிகல். வந்து பாத்துட்டுப் போனா அப்பறம் உக்காந்து படிப்பாளா? ஒரு வருஷம் போயிரும்மா. இவ படிக்கணும்னுதானே அவ கிடந்து தவிச்சா."

"சரி சார்," என்றேன்.

அங்கே இது புதிதில்லை. ஊரில் தாத்தா போனால், மாமா போனால், பரீட்சை முடிகிறவரை பிள்ளையிடம் மூடி வைப்பார்கள். முடிந்ததும் சொல்வார்கள், பிள்ளை இரண்டு நாள் அழும். ஆனால் பெற்ற தாயை மூடி வைத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எழுத்துப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அஞ்சு மணி நேரம்தான் விமானம். இதெல்லாம் எனக்குத் தோன்றத்தான் செய்தது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் சார் பாப்பாவிடம் பேசினார். அம்மா ஐசியூவில் இருக்கிறாள், பேச முடியாது, பரீட்சை முடிகிறவரை போனை ஆன்ட்டியிடம், அதாவது என்னிடம், கொடுத்துவிடு என்றார். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அதில் ஊரிலிருந்து ஆறுதல் செய்தி வந்துகொண்டே இருந்தது. போனை அணைத்து அடுப்படி மேல்தட்டில் வைத்தேன். மாடி வீட்டு அம்மா கிளாஸ் டீச்சரிடம் சொன்னார். பாப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். கீழே வாசலில் இருக்கிற ஹாரிஸுக்கும், அங்கே வாட்ச்மேனை அப்படித்தான் சொல்வார்கள், தெரிந்துவிட்டது. தினமும் பாப்பாவிடம் "யல்லா டாக்டர், யல்லா", சீக்கிரம் கிளம்பு என்று கேலி பண்ணுகிற எகிப்துக்காரர், அந்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

பத்தாவது நாள் ஃபேர்வெல் வந்தது. மாடி வீட்டுப் பெண் தன் புடவையைக் கையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். இருவருக்கும் நான்தான் கட்டிவிட வேண்டும். முதலில் அவளுக்குக் கட்டிவிட்டேன்.

"ஏய், ஒட்டகம் மாதிரி நடக்காதடி. கழுத்த நேரா வை," என்றாள் பாப்பா.

"நீ பேசாத. பின்னு குத்திக் குத்தி என் புடவை சல்லடையாயிடுச்சு."

"ஆன்ட்டி, இவளுக்கு இன்னும் நாலு பின்னு போடுங்க. ஸ்டேஜ்ல அவுந்துச்சுன்னா நம்ம ஸ்கூல் மானமே கலாஸ்."

பாப்பா சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து, அவள் அம்மாவின் கல்யாணப் பட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மாகிட்ட கேக்கவே இல்லையே. திட்டுவாங்களா? ஆன்ட்டி, அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேளுங்களேன், ப்ளீஸ்."

மாடி வீட்டுப் பெண் ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் பட்டை வாங்கி மடிப்பைப் பிரித்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"காலையிலயே அப்பா பண்ணாங்க பாப்பா. அம்மா கட்டிக்கச் சொன்னாங்களாம்."

"நிஜமாவா? அம்மா பேசினாங்களா?"

"ம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"மடிப்பு நல்லா எடுத்துக் கட்டிவிடச் சொன்னாங்க."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். மாடி வீட்டுப் பெண் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

சாயங்காலம் பாப்பா தலையில் கிரீடத்தோடு வந்தாள். ஆனால் சந்தோஷமாக இல்லை.

"எனக்கு ஏன் குடுத்தாங்கன்னே தெரியல ஆன்ட்டி. புடவை தடுக்கி விழப் பாத்தேன். எல்லாரும் எழுந்து நின்னு தட்டுறாங்க. மிஸ்ஸெல்லாம் அழறாங்க."

"அழகா இருந்திருப்பே."

"இல்ல ஆன்ட்டி. மாடியில இருக்கிறவ எவ்வளவு நல்லா நடந்தா தெரியுமா? அவளுக்குத்தான் வந்திருக்கணும்." அவளே கிரீடத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "போட்டோவ அம்மாவுக்கு அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

காரியம் முடிந்து சார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். அம்மா நல்லாகணும் என்று சமயபுரத்தில் முடி கொடுத்தேன் என்றார். பாப்பா அவர் தலையைத் தடவி, "அப்ப நல்லாயிடும்பா," என்றாள். சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசிப் பரீட்சை முடிந்து வந்ததும் பையை சோபாவில் எறிந்தாள். "கலாஸ், முடிஞ்சிடுச்சு! என் போனக் குடுங்க. இன்னிக்கு அம்மாகிட்ட பேசியே ஆகணும்."

சார் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா," என்றார். எங்கள் இருவர் முகத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவர்தான், "அம்மா இல்லம்மா," என்றார்.

அவள் கத்தவில்லை. "எப்போ?" என்றாள். தேதியைச் சொன்னார். விரலை மடக்கி எண்ணினாள்.

"ஃபேர்வெல்லுக்கு முன்னாடியா?"

அவர் தலையசைத்தார்.

"அதான் எல்லாரும் எழுந்து நின்னாங்களா? மாடியில இருக்கிறவளுக்கும் தெரியுமா? ஹாரிஸுக்குமா?"

என் பக்கம் திரும்பினாள்.

"கட்டிக்கச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே. அது யாரு ஆன்ட்டி சொன்னது?"

"நான்தான் பாப்பா."

"மடிப்பு?"

"அதுவும் நான்தான்."

அதற்குப் பிறகு நான் இருந்த இரண்டு மாதமும் அவள் என்னோடு பேசவில்லை. காபியைத் தானே போட்டுக்கொண்டாள். நான் தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவாள். சார் அவள் நல்லதுக்குத்தான் செய்தார். நல்ல மார்க்கும் வந்தது, காலேஜில் படிக்கிறாள் என்று கேள்வி. ஆனால் தாய் முகத்தை அவள் பார்க்கவில்லை. அன்று காலை போனில் நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். கூச்சம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை, பயம்.

மலர் போடுகிறவர்கள் இதை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பத்தாவது நாள் என்று எழுதியிருக்கிறேன், ஒன்பதாகவும் இருக்கலாம். விழா ஜனவரிக் கடைசியா பிப்ரவரியா என்பதும் நிச்சயமில்லை. சாரிடம் கேட்டால் மறந்துவிட்டது என்பார். பாப்பாவையே கேளுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் இது அவளுடைய விஷயம். போட வேண்டாம் என்று அவள் சொன்னால் கிழித்துவிடுங்கள். எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஊரெல்லாம் தெரிந்த பிறகு கடைசியில் அவளுக்குத் தெரிகிற மாதிரி இன்னொரு தரம் ஆகக் கூடாது.