திறந்து பார்க்காத தீவனச் சாக்கு

கல்லாறு கிராமத்தில் டீக்கடை வைத்திருந்த செல்வியின் இருபத்தைந்து கோழிக்குஞ்சுகள் சாகக் காரணம் நான். அவருடைய பராமரிப்புக் குறைவால் அவை செத்தன என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் நான்.

நான் கால்நடை மருத்துவன். வீடு கரமனை அக்கிரகாரத்தில். பசுவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தால் தெருவில் மரியாதை. கோழித் தீவனத்தில் மீன்தூள் உண்டு. அந்த வாடையோடு வந்தால் "கொல்லைப் பக்கமா வாங்கோ" என்று மனைவியின் குரல் மட்டும் வரும். ஆகவே முப்பது வருஷம் கோழித் தீவனத்தைக் காகிதத்திலேயே பரிசோதித்தேன். எந்த வயதுக்கு எத்தனை சதவீதம் புரதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சாக்கை மட்டும் திறந்ததில்லை.

1. சிப்பி

ஓய்வுக்கு முந்தைய வருஷம், எங்கள் அலுவலகத்திலிருந்து கல்லாற்று மகளிர் குழுவில் பதினோரு வீடுகளுக்குக் குஞ்சுகளும் ஆளுக்கொரு சாக்கு ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனமும் கொடுத்தோம். சரிபார்த்ததாக ஜீப்பில் உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் செல்வி ஒரு பிடி தீவனத்துடன் அலுவலகம் வந்தார்.

"சாரே, இதுல சிப்பித் துண்டு கெடக்கு. மத்த வீட்டுச் சாக்குல இல்ல. குஞ்சு திங்கலாமா?"

நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். "எலும்புக்கு நல்லதும்மா. ஆபீஸ்லேர்ந்து வந்தது தப்பா இருக்குமா?"

"படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று போய்விட்டார்.

குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. வெள்ளையாகக் கழிந்தன. சில வாரங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

2. அட்டை

விசாரிக்கப் போனபோது காலிச் சாக்கில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். லேயர் என்றிருந்தது. முட்டையிடும் கோழிக்கான தீவனம். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து மூன்று நான்கு மடங்கு கூடுதல். குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. ஒரு குஞ்சை அறுத்திருந்தால் ஈரலின் மேல் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் தெரிந்திருக்கும். நான் அறுக்கவில்லை. அட்டையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'கூட்டில் ஈரம், கவனக்குறைவு' என்று எழுதினேன்.

"பத்து வீட்ல குஞ்சு ஓடி நடக்குது, இவளுக்கு மட்டும் என்னவாக்கும்? சாயா அடிக்கவே நேரமில்ல, பின்ன கோழி எங்கன வளரும்?" என்றார் குழுத் தலைவி லதா. அடுத்து குஞ்சு கொடுக்கும் பட்டியலில் செல்வியின் பெயர் இல்லை. கடைக்குப் பின்னால் அவரே கட்டிய கூடு காலியாகவே கிடந்தது.

3. வகுப்பு

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, நடந்ததை அலுவலகத்துக்கு எழுதினேன். பழைய கோப்பைத் திருத்த வழியில்லை என்றும், என் நீண்ட அனுபவத்தைக் கருதிக் குஞ்சுத் தீவனம் பற்றி வகுப்பெடுக்க வேண்டும் என்றும் பதில் வந்தது.

முதலில் செல்வியிடம் போய் அட்டையைக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"எங்கிட்ட காட்டி என்ன, சாரே? எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க குழுவுல இருக்காங்க."

ஆகவே அந்தக் குழுவிலேயே வகுப்பெடுத்தேன். குஞ்சுக்கு ஸ்டார்ட்டர்தான், முட்டையிடத் தொடங்கும் பருவம் வரை சிப்பி வேண்டாம் என்று சொல்லி, அட்டையைத் தூக்கிக் காட்டி, மிச்சத்தையும் சொன்னேன்.

லதா கேட்டார்: "இத்தன படிச்ச ஆளுக்கு ஒரு சாக்கு தொறக்கத் தெரியாதா, சாரே?"

அன்றே செல்வியின் பெயர் பட்டியலில் ஏறியது. இனி வரும் சாக்குகளைத் திறந்து பார்க்கும் பொறுப்பும் அவருக்கே என்று முடிவு செய்தார்கள். முதல் லோடு வந்தபோது செல்வி என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"சாக்குக்குள்ள கைய விடுங்க, சாரே."

விட்டேன். மீன்தூள் முழங்கை வரை அப்பியது. சிப்பி இல்லை என்றேன்.

"அடியில பாருங்க."

அடியிலும் பார்த்தேன். பதினோரு சாக்குகள் இருந்தன, பதினொன்றையும் பார்த்தேன். மன்னித்ததாகச் செல்வி சொல்லவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த லோடு என்றைக்கு வரும் என்று சொன்னார்.