அமிர்தம் கடையில் காபி கிடையாது

திருத்துறைப்பூண்டிச் சாலையில் மாமனார் நடத்திய டீக்கடை கைக்கு வந்ததும் அமிர்தம் செய்த முதல் காரியம், சேரி மக்களுக்கென்று கூரையில் செருகியிருந்த அலுமினியக் குவளைகளைப் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டதுதான். இனி எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ். நடவுப் பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கூலி உயர்வு கேட்டு வரப்பெல்லாம் செங்கொடி. மேடையில் சமத்துவம் முழங்கிய கரைவேட்டிக்காரர்கள்கூட அந்தக் குவளைகளைப் பார்த்தும் பாராமல் போனவர்கள்தாம். மிராசுதாருக்குக் கேட்கவா வேண்டும்? அவர் பண்ணையிலிருந்து கடைக்கு வந்த பால் நின்றது. வேறு யாரும் ஊற்றக் கூடாதென்று உத்தரவு. எஞ்சியது வீட்டு எருமையின் பால். கடை மாதம் தாண்டாது என்று ஊரே சொன்னது.

அமிர்தம் பள்ளி இறுதிவரை கணக்கில் கெட்டிக்காரி. அடுப்புக்கரியால் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தாள்.

"சுவத்துல என்னா கோலம்?" என்றான் கணவன் ரெத்தினம்.

அவள் விளக்கினாள். ஒரு காபியில் ஐந்து காசு லாபம் நிற்கிறது, டீயில் நான்கு. பால் தாராளமாக இருந்தவரை தட்டுப்பாடு அவள் கைகளுக்குத்தான். ஆற்றுகிற நேரம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் காபி லாபம். இப்போது தட்டுப்பாடு பாலுக்கு. ஒரு காபிக்கு ஆகிற பாலில் இரண்டு டீ போடலாம், எட்டுக் காசு. இரண்டையும் எப்படிக் கலந்து பார்த்தாலும், முழுக்க டீ போடுவதுதான் மேலே நின்றது.

"அப்ப காபி?"

"கிடையாது. அதக் குடிக்கிறது மிராசுதார் பக்கத்து ஆளுங்கதானே? அவங்கதான் வர்றதில்லையே."

நடவுக்காலம் முழுக்கப் பெஞ்சில் இடமில்லை. வருமானம் முன்பைவிடக் குறைவுதான்; ஆனால் அடுப்பு அணையவில்லை.

அறுப்பின்போது மிராசுதாரின் காரியக்காரர் நடராசன் வந்தார். தனிக் குவளை நாலே நாலு வாங்கி வைத்தால் போதும், பால் மறுபடி வரும், காபியும் போடலாம், கணக்குத் தெரிந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்று குழைந்தார்.

லாபம் கூடும்தான். அது அவளுக்கும் தெரியும். ரெத்தினம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாலு, சர்க்கரை, தூளு எல்லாத்தையும் கூட்டிக் குறைச்சுப் பார்ப்பேங்க," என்றாள் அமிர்தம். "மனுசங்கள அந்தக் கணக்குல சேக்கிறதில்ல. டீ வேணும்னா சொல்லுங்க. கிளாஸ் இதுதான்."

பெஞ்சில் இருந்த சேரி நடவுக்காரி வள்ளியம்மை குடித்து வைத்த கிளாஸை அவர் எதிரிலேயே கழுவி, டீயை ஆற்றி நீட்டினாள்.

நடராசன் தொடாமல் எழுந்து போனார். வள்ளியம்மை கை நீட்டினாள்.

"ஆறிடப் போவுது, இங்க குடு அக்கா."