மகளுக்கு முன்னால் நான் பார்த்த படம்

போன வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் ஒரு தியேட்டர். மேட்னி ஷோ. இன்டர்வெல் முடிந்து பெல் அடித்ததும் எல்லாரும் சமோசாவும் பாப்கார்னுமாக உள்ளே ஓடினார்கள். நான் மட்டும் வெளியே, தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

டிக்கெட் பாக்கெட்டில்தான் இருந்தது. உடம்புக்கும் ஒன்றுமில்லை. உள்ளே வரக் கூடாது என்று என் மகள் சொல்லிவிட்டாள்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? சொல்கிறேன்... யார் பக்கம் நியாயம் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

மகள் பெயர் பவித்ரா. வீட்டில் பவி. ஒரே பெண். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பி.காம். படித்தவள், வேலைக்குப் போகிறவள், எல்லாவற்றிலும் கெட்டி. சினிமா என்று வந்தால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவாள்.

அதிலும் அவள் பைத்தியம் ஒரு தனி தினுசு. வந்த படத்தை விட வரப்போகிற படம்தான் அவளுக்கு ருசி. போஸ்டர் வந்தால் எனக்கு ஒரு போன். டீசர் வந்தால் இன்னொரு போன். "அப்பா, பார்த்தியா? பின்னாடி ஒரு படகு நிக்குது பாரு, கதையே அதுலதான் இருக்குது!" என்பாள். படகில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். என் புத்தி அப்படி.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருகிற ஆள். இது பிறவியில் வந்ததா, தொழிலில் வந்ததா? பாதிக்குப் பாதி என்று நினைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனவன். கடைசியில் எனக்குக் கிடைத்தது ஃபைனல் செக்கிங் டேபிள். அங்கே வேலை என்ன தெரியுமா? டப்பாவுக்குள் போகுமுன் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரு சின்ன ஆணி, ஒரு முரட்டுத் தையல், பசைக் கட்டி... எதுவும் இருக்கக் கூடாது. எங்கேயோ கண்காணாத ஊரில் யாரோ போடப்போகிற ஷூ. அவர் கால் போகுமுன் என் கை போய் வர வேண்டும். வேலையை விட்டு வருஷங்களாகியும் கைக்கு அது மறக்கவில்லை. இன்றைக்கும் விருந்தாளி செருப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

சரி, பவிக்கு வருகிறேன்.

பவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இரண்டு வீட்டிலும் ஒரே கொண்டாட்டம். மசக்கை நேரம். சம்பந்தியம்மா மாங்காய், நெல்லிக்காய் என்று கூடை கூடையாக வாங்கிக் குவித்தார். என் மனைவி அமுதா போனில் கேட்டாள்: "வாய்க்கு இன்னாடி வேணும்? கூச்சப்படாம சொல்லு, செஞ்சு எடுத்துனு வர்றேன்."

பவி யோசிக்கவே இல்லை. "அந்தப் படகு படம் பார்க்கணும்மா."

மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டதைக் கொடுத்தே ஆகணும் என்பார்கள். மாங்காய் என்றால் மார்க்கெட்டில் கிடைக்கும். இன்னும் எடுத்தே முடிக்காத படத்தை எங்கே போய் வாங்குவது?

ஆயுத பூஜைக்கு வருகிறது என்றார்கள். வரவில்லை. தீபாவளி என்றார்கள். அதுவும் போனது. பிறகு போஸ்டரில் தேதிக்குப் பதில் 'விரைவில்' என்று போட்டார்கள். அந்த 'விரைவில்' என்கிற வார்த்தையைப் போலக் கொடுமை உண்டா? வளைகாப்பு முடிந்து பவியை மாதனூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இரண்டு கையிலும் வளையல் குலுங்கக் குலுங்க போனைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர் கூட ஒரு தேதி கொடுத்துட்டாங்கப்பா. இந்த ப்ரொட்யூசர் கொடுக்க மாட்டேங்கறான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதப்பா. குழந்தை பொறந்துட்டா பால் கொடுக்கணும், தூங்க வைக்கணும், தியேட்டர்ல அழுதா தூக்கினு வெளிய ஓடணும். இனிமே எப்போ போவேன், எப்படிப் போவேன், யாருக்குத் தெரியும்? நான் நானா மட்டும் போய் உக்காந்து பார்க்கப் போற கடைசிப் படம் இதுதான்."

பெண் பிள்ளைகள் இப்படி ஒரு கணக்கை மனதுக்குள் வைத்துக்கொண்டு வளையல் போட்டுக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருவழியாகத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை ரிலீஸ். பவிக்கு ஒன்பதாம் மாதம். டாக்டரம்மாவைக் கேட்டோம். "தாராளமா போகட்டும். ஸ்பீக்கர் பக்கம் வேணாம், ஓரமா உட்காருங்க, முடியலைன்னா எழுந்து வந்துடுங்க" என்றார். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. 'முடியலைன்னா' என்றாரே... அது ஏன்?

"முதல் நாள் வேணாம் கண்ணு. கூட்டம், வெடி, விசில்... திங்கக்கிழமை போலாமே?"

"ஐயோ அப்பா! அன்னிக்கு ராத்திரிக்குள்ள போன்ல மொத்தக் கதையும் வந்துடும். கதை தெரிஞ்சப்புறம் இன்னாத்தைப் பார்க்கறது? ஒண்ணுமே தெரியாம போய் உக்காரணும். அதுக்குத்தான் இத்தனை மாசம் பார்த்துனு இருந்தேன்."

கடைசியில் வெள்ளிக்கிழமை மேட்னி என்று முடிவானது. மாப்பிள்ளை தினேஷ் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். ஓரத்து சீட். முதுகுக்குத் தலையணை. எல்லாம் சரி.

ஆனால் படத்துக்குள் என்ன இருக்கிறது? அது யாருக்காவது தெரியுமா? திடீரென்று குண்டு வெடித்தால்? ரத்தம் கொட்டினால்? ஒரு பிரசவக் காட்சியே வந்து தொலைத்தால்?

வெள்ளிக்கிழமை காலை. "மார்க்கெட் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நேராக ஆம்பூர் தியேட்டருக்குப் போனேன். என் பழைய தோஸ்த் நசீர் பாய், கம்பெனியில் என் பக்கத்து டேபிளில் பேக்கிங் பார்த்தவர், வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு பேரும் காலைக் காட்சிக்குள் நுழைந்தோம்.

படம் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். செக்கிங் செய்தேன். படிக்கட்டில் வழுக்குகிறதா, பாத்ரூம் எந்தப் பக்கம், எக்ஸிட் கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா... பிறகு திரையில் எப்போது சத்தம், எப்போது ரத்தம். ஹீரோ வருகிற இடத்தில் ஒரு வெடி. சண்டையில் கண்ணாடி உடைகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்கு முன்னால் வருகிற வசனத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

"யோவ், எல்லாரும் ஹீரோவைப் பார்க்கறான், நீ கதவைப் பார்க்கறே! படத்தையே செக்கிங் பண்ண வந்த ஒரே ஆளு நீதான்யா. ரிஜெக்ட் பண்ணா இன்னா பண்ணுவே, திருப்பி அனுப்புவியா?" என்று நசீர் பாய் தொடையில் தட்டினார்.

திருப்பி அனுப்புகிற மாதிரி ஒன்றும் இல்லை. பாஸ் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவசரத்தில் காய்கறி வாங்க மறந்துவிட்டேன். அமுதா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

மேட்னி. ஓரத்து சீட்டில் பவி. அந்தப் பக்கம் தினேஷ். நான் நேர் பின்னால். தியேட்டர் இருட்டானது. பவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வளையல் சத்தம் கூட நின்றுபோனது.

ஹீரோ வருவதற்கு முன்னால் குனிந்து, "காதை மூடிக்கோ" என்றேன். மூடிக்கொண்டாள். வெடித்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடி உடைவதற்கு முன்னால் மறுபடியும், "காது..." என்றேன். மூடிக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் கம்மி.

இதுவரை கூடப் பரவாயில்லை. பிறகுதான் அந்த இடம் வந்தது.

ஹீரோவின் தம்பியைப் படகில் வைத்து வெட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். (படத்தின் பெயரை நான் சொல்லவில்லை. அதனால் திட்டாதீர்கள்.) அந்தத் தம்பி பாத்திரம் அவ்வளவு நல்லவன். தியேட்டரே கப்சிப். பவியின் தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்முகிறாள். ஒன்பது மாதக்காரி. ஒரு அப்பனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

தோளைத் தொட்டுச் சொன்னேன்: "அழாத கண்ணு... அவன் சாகலை."

தோள் குலுங்குவது நின்றது. சட்டென்று. சுவிட்சை அணைத்த மாதிரி.

கொஞ்ச நேரத்தில் இன்டர்வெல் காட்சி. மழை. ஹீரோவை நாலாப்பக்கமும் வளைத்துவிட்டார்கள். தூரத்தில் ஒரு படகு. அதிலிருந்து ஒரு கால் இறங்குகிறது... தம்பி! தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விசில். பேப்பர் பறக்கிறது. மாப்பிள்ளை எழுந்து நின்று கத்துகிறார். பக்கத்து சீட்டுப் பாட்டியம்மா கூடக் கை தட்டுகிறார்.

பவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் இருந்தது.

லைட் போட்டார்கள். திரும்பினாள்.

"அப்பா, காலையில நீ இந்தப் படத்துக்கு வந்தியா?"

"இல்லை கண்ணு, அது வந்து..."

"வந்தியா இல்லையா?"

"உனக்கு எதுனா ஆயிடக் கூடாதுன்னு ஒரு தடவை... சும்மா பார்த்து வெச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எல்லாரும் எழுந்து நின்னு கத்தினாங்க இல்லே? அதுக்குத்தான்ப்பா நான் இத்தனை மாசம் பார்த்துனு இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அதுல போய் முன்னாடியே கையை விட்டுட்டியே."

தினேஷ் நடுவில் வந்து, "விடு பவி, மாமா பயந்துட்டாரு" என்றார்.

"பயப்படட்டும். வெளிய உக்காந்து பயப்படட்டும். மீதிப் பாதியையாச்சும் எனக்கு விடுப்பா."

அப்படித்தான் நான் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இப்போது மார்க்கெட் சண்டை. இப்போது அம்மா சென்டிமென்ட். அடுத்து அந்தப் பெரிய வெடி... இரண்டு தடவை எழுந்து கதவு வரை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேன்டீன்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாண்ணா, படம் பிடிக்கலையா?" என்றார். "பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலை" என்றேன். ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

உட்கார்ந்து யோசித்தேன். கவலைப்படுகிறவனுக்கு ஒரு ஆசை உண்டு. பிள்ளைகள் போகிற வழியில் முன்னாலேயே போய், முள்ளையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும் என்று. தப்பில்லை. ஆனால் முள்ளைப் பொறுக்கப் போகிறவன் வழியில் பூத்திருப்பதையும் சேர்த்து மிதித்துவிட்டு வருகிறானே? ஷூவில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. சரி. சினிமாவில்?

படார் என்று கதவு திறந்தது. தினேஷ் ஓடி வந்தார்.

"மாமா!"

டீ என் வேட்டியில் கொட்டியது. "ஆட்டோவா? ஆம்புலன்ஸா?"

"பாப்கார்ன், மாமா. சீக்கிரம். சீன் போயிடும்."

"அவ... எப்படி இருக்கா?"

"அழுவுறா மாமா. செமையா அழுவுறா. என்னைக் கூடப் பேச விடலை."

பாப்கார்னை வாங்கிக்கொண்டு ஓடினார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து... நம்பினால் நம்புங்கள், சிரித்தேன். என் மகள் அழுகிறாள் என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

படம் விட்டது. கூட்டமெல்லாம் போன பிறகு பவி மெதுவாக வந்தாள். கண் வீங்கி, மூக்கு சிவந்து, முகமெல்லாம் அப்படி ஒரு பிரகாசம். தினேஷ் காரை எடுத்தார். ஊரைத் தாண்டி ஹைவேயில் ஏறினதும் முன் சீட்டிலிருந்து பவியின் குரல் வந்தது.

"கடைசியில அந்த அண்ணன் லெட்டரைப் படிக்கறானே... நீ அழுதியாப்பா?"

"லெட்டரா? எந்த லெட்டர்?"

"இன்னாது! க்ளைமாக்ஸே அதுதானேப்பா!"

"வெடி முடிஞ்சதும் நான் கதவுகிட்ட போய்ட்டேன் கண்ணு. கூட்டம் வெளிய வர்றப்போ எந்தப் பக்கம் நெரிசல்னு பார்க்க..."

பவி முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். நான் பெல்ட், பெல்ட் என்றேன். காதில் வாங்கவில்லை.

"அப்போ நீ படமே பார்க்கலையா? காசு கொடுத்து ரெண்டு தடவை போயும்?"

அவள்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெதுவா, மெதுவா" என்று நான் பதறப் பதற இன்னும் சிரித்தாள். மாதனூர் வரும் வரை இரண்டாம் பாதிக் கதையை அவளே எனக்குச் சொன்னாள். கையை ஆட்டி, குரலை மாற்றி, வளையல் குலுங்க... அந்த லெட்டர் வரைக்கும் வந்து டக்கென்று நிறுத்திவிட்டாள்.

"அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். அம்மாவைக் கூட்டினு போய்ப் பாரு. கதவைப் பார்க்காத, படத்தைப் பாரு."

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சலாகச் சொன்னாள்: "பிரசவத்துக்கு மட்டும் இந்த மாதிரி முன்னாடியே போய்ச் செக்கிங் பண்ணிட்டு வந்து நிக்காதப்பா. அதையாச்சும் எல்லாரும் ஒண்ணா, ஒண்ணுமே தெரியாம பார்ப்போம்."

சரி கண்ணு என்றேன்.

ஆஸ்பத்திரி வார்டை நான் படத்துக்கு முன்னாலேயே, புதன்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்ததைத் தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது.